கோள்சொல்லிக்குக் கொடுத்த அத்திப்பழம்

அன்பு மகன் மெஸியானுக்கு அப்பா பெலயித் ஸலாம் சொல்லி எழுதுவது. அல்லாஹ்வின் கருணையால் நானும் உன் அம்மாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், மனதைப் பற்றிக் கேட்காதே, அதைத்தான் கீழே எழுதப்போகிறேன். நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டுக் குளிருக்கு முன்னாலேயே கம்பளிச் சட்டை வாங்கி வைத்துக்கொண்டிருப்பாய் என்று நம்புகிறேன். போன வருஷம் மாதிரி இருமிக்கொண்டு கிடக்காதே. உன் அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, ஆனால் வாய்க்கு ஒரு குறையும் இல்லை. கோவேறு கழுதைக்கு முன்னங்காலில் லாடம் கழன்று நொண்டுகிறது, கொல்லனைக் கூப்பிட்டால் வேலை இருக்கிறது என்கிறான், ஏன் அப்படிச் சொல்கிறான் என்பதும் கீழே வரும். இந்தக் கடிதத்தை நான் தபாலில் போடவில்லை, தபாலைப் பிரித்துப் படிக்கிறார்கள். பிரான்ஸுக்கு, மார்ஸேய்த் துறைமுகத்துக்குக் கப்பல் ஏறுகிற உன் அத்தை மகன் ரம்தான் கையில் கொடுத்தனுப்புகிறேன். வாங்கிக்கொண்டான், என் முகத்தைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டான்.

அமுக்ரானைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள் மகனே. நம் அடுத்த தோட்டத்து அமுக்ரான், நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது உன்னைத் தோளில் தூக்கி அத்திமரத்தில் ஏற்றிவிட்டவன். பிடித்தது பிரெஞ்சுப் பட்டாளம்தான், ஆனால் காட்டிக்கொடுத்தவன் உன் அப்பன். இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது, எழுதாமல் இருப்பது அதைவிட வெட்கம், வேறு யார் வாயாலாவது உன் காதுக்கு வந்தால் நீ எப்படி அங்கே நாலு பேர் நடுவில் தலை நிமிர்த்துவாய். நான் வேண்டுமென்று செய்யவில்லை. ஆனால் வேண்டுமென்று தள்ளினால் என்ன, கால் தடுக்கித் தள்ளினால் என்ன, கிணற்றில் விழுந்தவனுக்கு இரண்டும் ஒன்றுதான்.

உன் பட்டறையில் பழுது பார்க்கிற அந்தச் சின்ன விமானங்களைப் பற்றி நீ எவ்வளவு ஆசையாக எழுதுவாய். இறக்கையின் முன்விளிம்பு நெடுக ஓர் இடைவெளி, பின்னால் மடித்து இறக்கும் பலகை, கீழே நீட்டிவைத்த கொக்குக்கால், அதனால்தான் எதிர்க்காற்று அடித்தால் மனுஷன் ஓடுகிற வேகத்தில்கூட ஆகாயத்தில் நிற்கும், களத்தளவு இடத்தில் இறங்கும் என்று எழுதியிருந்தாய். ஜெர்மன்காரன் சண்டைக்கு முன்னால் அதை உண்டாக்கி நாரை என்று பெயர் வைத்தான், பிரான்ஸைப் பிடித்ததும் உங்கள் பக்கத்து ஆட்களையே உட்காரவைத்துச் செய்ய வைத்தான், அவன் ஓடிப்போனதும் பிரெஞ்சுக்காரன் தன் இயந்திரத்தை மாட்டி வெட்டுக்கிளி என்று பெயரை மாற்றினான் என்றும் எழுதினாய். அதைப் படித்தபோது உன் அம்மா, நாரை வந்தால் கூரையில் கூடு கட்டும், வெட்டுக்கிளி வந்தால் கூரையைத் தவிர மிச்சம் இருக்காது, எந்தப் புத்திசாலி இந்தப் பெயரை வைத்தான் என்றாள். நான் சிரித்தேன். இங்கே நம் ஜனங்கள் அதற்கு வைத்திருக்கிற பெயர் கோள்சொல்லி. காலையில் அது வந்து தலைக்கு மேலே சுற்றிவிட்டுப் போனால் மத்தியானம் வண்டியில் சிப்பாய்கள் வருவார்கள். அந்தப் பெயரை நான் உனக்கு எழுதவே இல்லை. உன் கையால் துணி இழுத்துத் தைத்து மெழுகிய இறக்கையை ஊர் இப்படிச் சொல்கிறது என்று எழுத மனது வரவில்லை.

நடந்தது இதுதான். அத்திப்பழம் காயப்போட்டிருந்த நேரம். நான் நாணல் தட்டுகளில் பழத்தைத் திருப்பிக்கொண்டிருந்தேன். பள்ளத்தாக்கின் பக்கமிருந்து அது வந்தது, காற்றுக்கு எதிரே அப்படியே தொங்கிக்கொண்டு நின்றது. மரத்தில் இருந்த பெண்கள் இலைக்குள் ஒடுங்கினார்கள், ஆண்கள் குனிந்தார்கள். நான் என்ன செய்தேன் தெரியுமா, நிமிர்ந்து நின்று தலையிலிருந்த ஓலைத்தொப்பியை எடுத்துச் சுழற்றினேன். ஏன் என்று உன் அம்மா கேட்டுக்கொண்டே இருக்கிறாள். பெரிய சண்டையில் பிரெஞ்சுப் பட்டாளத்துச் சிப்பாயாக இத்தாலியில் நாங்கள் பாறைக்குள் கிடந்தபோது அமெரிக்காக்காரனின் சின்ன விமானம் இப்படித்தான் வந்து மேலே நிற்கும். அது நின்றால் ஜெர்மன் பீரங்கி வாயை மூடிக்கொள்ளும், சுட்டால் புகை தெரியும், புகை தெரிந்தால் மேலே இருப்பவன் ரேடியோவில் சொல்வான், உடனே எங்கள் குண்டு அவன் தலையில் விழும். அது இருக்கிறவரை நாங்கள் எழுந்து உட்காரலாம், காப்பி போடலாம், ஒதுங்கப் போகலாம். வந்ததும் எல்லோரும் தொப்பியைச் சுழற்றுவோம், இறக்கையை ஆட்டிப் பதில் சொல்வான். அந்தப் பழக்கம் கையில் இருந்திருக்கிறது. அதோடு உன் நினைப்பும் சேர்ந்துகொண்டது, இது என் மகன் தைத்த இறக்கையாக இருக்குமோ என்று. அன்றைக்கு மலைக்கு அந்தப்பக்கம் குனிந்து கிடந்தவனைப் பற்றி நான் ஒரு நாளும் யோசித்ததில்லை, இன்றைக்கு என் ஊரே அப்படிக் குனிந்து கிடக்கும்போதும் நான் ஒருவன் மட்டும் நின்று தொப்பி சுழற்றியிருக்கிறேன்.

இறக்கையை ஆட்டினான். திரும்பி வந்து நம் களத்திலேயே இறங்கினான், நீ சொன்னது பொய்யில்லை, கழுதை வண்டி திரும்பவே கஷ்டப்படுகிற இடத்தில் சொன்னபடி நின்றது. உன் வயதுப் பையன், லெப்டினன்ட், எண்ணெய் ஒழுகுகிறது பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டு இறங்கினான். என்னைப் பார்த்து, "பெரியவரே, இத்தாலியில இருந்தவரா? எங்க அப்பாவும் அங்கதான் இருந்தாரு, அவரும் இப்படித்தான் சுத்துவாரு" என்றான். ஊர் முழுக்கப் பார்க்கிறது. நானோ அவன் கையைப் பிடித்துவிட்டு நேராக இறக்கைக்குப் போய் அதன் தையலைத் தடவிப் பார்க்கிறேன், என் மகன் பாரிஸ் பக்கத்தில் இந்த விமானத்துக்குத்தான் துணி போடுகிறான் என்று பெருமை அடிக்கிறேன். பிறகு வந்தவனை வெறுங்கையோடு அனுப்பக் கூடாதே என்று நினைத்தேன். நம் பழம் இந்த வருஷம் மழையில் வெடித்துப்போய்ப் பார்க்கச் சகிக்கவில்லை. வரப்பு தாண்டினால் அமுக்ரானின் தட்டுகள், தேன் மாதிரிப் பழம். வழிப்போக்கன் யார் தட்டிலும் எடுத்துத் தின்னலாம் என்பதுதான் நம் வழக்கம், அதனால் அவன் தட்டிலிருந்து ஒரு கை அள்ளிக் கொடுத்தேன். அடுத்தவன் பொருளைக் கொடுக்கும்போது அடுத்தவன் பெயரைச் சொல்லித்தான் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் தின்றவனின் வாழ்த்து தப்பான வீட்டுக்குப் போகும் என்று உனக்கு நானே சொல்லி வளர்த்திருக்கிறேன். அப்படியே சொன்னேன். இது அமுக்ரான் வீட்டுப் பழம், அவன் கைராசிக்காரன், பிள்ளைகுட்டி இல்லை, அவனும் பெண்டாட்டியும் மட்டும்தான், ஆனாலும் பார், மேட்டிலிருந்து ஓடை வரைக்கும் இருக்கிற தட்டெல்லாம் அவனுடையதுதான் என்று புகழ்ந்தேன். பையன் பழத்தை மென்றுகொண்டே தட்டுகளைப் பார்த்தான். "ரெண்டு பேருக்கு இவ்வளவா?" என்று மட்டும் கேட்டான். அப்போதுகூட எனக்கு உறைக்கவில்லை. அமுக்ரான் நல்லா இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு ஏறிப் போனான், மனதாரத்தான் சொன்னான் என்று இப்போதும் நினைக்கிறேன்.

அதன் பிறகு தினமும் அது அமுக்ரானின் தோட்டத்துக்கு மேலே மட்டும் வந்து நின்றது. தட்டு நிறைவதையும் ராத்திரி கழிந்தால் காலியாவதையும் மேலே இருந்து பார்த்திருக்கிறார்கள். பிரெஞ்சுக்காரனை எதிர்த்துத் துப்பாக்கி தூக்கி மலைக்குப் போன நம் பையன்களுக்குப் பழம் போனதா இல்லையா என்று நான் அமுக்ரானைக் கேட்டதில்லை, அது கேட்கக் கூடாத கேள்வி. ஊரில் எல்லோருக்கும் தெரியும், அதனால்தான் யாரும் அவன் தட்டுகளைப் பற்றிப் பேசுவதில்லை, நான் ஒருவன்தான் பேசினேன், பேசியதும் யாரிடம். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வரும்போது சிப்பாய்கள் வந்து அவனைக் கையைக் கட்டி முகாமுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். போகும்போது என் பக்கம் திரும்பி, அண்ணே, என் தட்டையெல்லாம் மழைக்கு முன்னால் மூடிவிடு என்று சொல்லிவிட்டுப் போனான். என்னைத் திட்டியிருந்தால் நான் ஒரு வேளையாவது தூங்கியிருப்பேன்.

ஊர்க்கூட்டத்தில் என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் உட்கார்ந்தால் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் கொஞ்சம் நகர்ந்துகொள்கிறார்கள், அவ்வளவுதான். உன் அம்மா தண்ணீருக்குப் போனால் பேச்சு நின்றுவிடுகிறதாம். ராத்திரி என்னிடம், "உங்களை இத்தாலியில குண்டு பிளந்திருந்தா இந்த வாயும் அங்கயே போயிருக்கும்" என்றாள், சொல்லிவிட்டு அவளே அழுதாள். அவளைக் குற்றம் சொல்லாதே.

நேற்று அமுக்ரானின் மனைவி தஹ்பியா வந்தாள். கதவுக்கு வெளியே நின்றாள், உள்ளே வரச் சொன்னால் வரவில்லை. சத்தம் போடுவாள் என்று நினைத்தேன், போடவில்லை. "அண்ணே, வாழ்த்து எங்க வீட்டுக்கு வரணும்னுதானே பேரைச் சொன்னீங்க. வந்துடுச்சு. இப்ப அதே வாயால போயி அது உங்க பழம்னு சொல்லுங்க" என்றாள். சொன்ன கையோடு திரும்பிப் போய்விட்டாள். அவள் சொன்னதைத் தவிர வேறு வழி இருக்கிறதா என்று ராத்திரி முழுக்கப் புரண்டு பார்த்தேன், இருந்திருந்தால் அதைத்தான் பிடித்துக்கொண்டிருப்பேன், உன்னிடம் மறைப்பானேன், எனக்குப் பயமாக இருக்கிறது. அந்த முகாமில் என்ன செய்கிறார்கள் என்பது உனக்குத் தெரியாமலே இருக்கட்டும்.

நாளைக்குப் போகிறேன். அமுக்ரானின் தட்டுகளை நான் வாடகைக்கு எடுத்தேன், அதிலிருந்த பழமெல்லாம் என்னுடையது, லெப்டினன்ட் முன்னால் இத்தனையும் என்னுடையது என்று சொல்லப் பயந்து அவன் பெயரைச் சொல்லிவிட்டேன் என்று சொல்லப்போகிறேன். இரண்டு பேர் இருக்கிற வீட்டுக்கு ஏன் அவ்வளவு பழம் என்று என்னையும் கேட்பார்கள். அங்கேதான் மகனே உன்னை இழுக்க வேண்டியிருக்கிறது. பழத்தை ராத்திரியில் மூட்டை கட்டிக் கப்பலுக்குப் போகிறவர்கள் கையில் கொடுத்து உனக்கு அனுப்புகிறேன், நீ அங்கே நம்மவர்களின் காப்பிக்கடைகளில் விற்கிறாய் என்று சொல்வேன். வேறு காரணம் எதுவும் நிற்காது. சொன்னால் உன் பட்டறைக்கு ஆள் வரும். விமானத்தில் கைவைக்கிற வேலையில் நம்மவன் ஒருவனைச் சந்தேகப்பட்டால் அவனை அங்கே வைத்திருப்பார்களா என்ன, உன் வேலை போகும், அதோடு நின்றால் நம் நல்ல காலம். உன்னைக் கேட்டுச் செய்ய வேண்டிய காரியம் இது. கடிதம் போய் நீ யோசித்துப் பதில் வருகிறவரை அமுக்ரான் அங்கே இருப்பானா என்று தெரியாததால் கேட்காமலே செய்கிறேன். அப்பன் போட்ட முடிச்சை மகன் தலையில் அவிழ்க்கிறேன், இதைவிடக் கேவலம் எனக்கு இல்லை. நீ அனுப்பிய காசில் சோறு தின்றுகொண்டு அந்த வேலை நல்லதா கெட்டதா என்று சொல்ல எனக்கு வாய் கிடையாது, அதை நீ யோசித்துக்கொள். வேலை போனால் அங்கே இருக்கிற உன் மாமாவிடம் போ, கோபத்தில் தனியாக அலையாதே, குடிக்காதே, அம்மாவுக்கு இரண்டு வரி எழுது.

அல்லாஹ் உன்னைக் காப்பாற்றட்டும், உன் கைக்கு ஒரு குறையும் வராமல் இருக்கட்டும், என்னால் வந்ததை உனக்கு நல்லதாகத் திருப்பட்டும். இதைப் படித்ததும் அடுப்பில் போட்டுவிடு. ரம்தான் ஒரு பை அத்திப்பழம் தருவான், தஹ்பியா கொடுத்தது. அதை அறைக்குள் வைத்துத் தனியாகத் தின்றுவிடாதே, பட்டறையில் எல்லோருக்கும் ஒரு கை கொடு, காப்பிக்கடைக்காரனுக்கும் கொடு. இப்போது அவர்களும் பிறகு விசாரிக்க வருகிறவர்களும் யார் வீட்டுப் பழம் என்று கேட்பார்கள். எங்கள் வீட்டுப் பழம் என்று சொல்.

இப்படிக்கு,
உன் அப்பா
பெலயித்