வெயிலும் மிச்சச் சோறும்

இன்று காலை கடையின் பின்கதவைத் திறந்தபோது, வெந்நீரில் அலசிய பருத்தித் துணியின் வாசம் சந்து முழுக்க நின்றிருந்தது. உன் டோபிக் கடையில் முதல் துவைப்பு முடிந்திருக்க வேண்டும். கையிலிருந்த சோற்று வாளியைக் கீழே வைத்தேன். பதினோரு வருஷம் ஒரே சுவரின் இரண்டு பக்கமும் கடை நடத்தினோம். உன்னிடம் நேரில் சொல்லாமல் விட்டதை இப்போது எழுதித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

கிள்ளானில் நம் கடைவரிசையில் பெண்கள் நடத்திய கடைகள் நம் இரண்டுதான். எனக்கு வாழை இலைச் சாப்பாடு. உனக்கு ஹோட்டல்களின் விரிப்பும் துண்டும் துவைக்கிற வேலை. மூன்று மணிக்குக் கூட்டம் ஓய்ந்ததும் நீ பின்பக்கமாக வருவாய். மிஞ்சிய ரசத்தை டம்ளரில் ஊற்றிக் குடித்துக்கொண்டே நான் குப்பையில் கொட்டுவதைப் பார்த்துக்கொண்டிருப்பாய்.

"இவ்வளவு சோத்தையும் லோரிக்காரன்தான் தூக்கிட்டுப் போறானா?"

"பின்ன, நீயா சாப்பிடப் போற?"

"நான் சாப்பிடல. என் பாய்லர் சாப்பிடும்."

நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. கூரையில் சோலார் போட்டால் பகலில் மெஷின்கள் அதிலேயே ஓடும் என்றாய். தண்ணீர் காய்ச்சுவதற்கு, சாப்பாட்டுக் கடைகளின் மிச்சத்தை மூடிய தொட்டியில் புளிக்கவைத்தால் கேஸ் வரும் என்றாய்.

"வெயில் மட்டும்னா மழை நாள்ல மாட்டிக்குவோம் லா. ரெண்டும் சேந்தாத்தான் நிக்கும். கூரை என்னுது, சோறு உன்னுது."

தொட்டி வைக்க இடம் என் கடைக்குப் பின்னால்தான் இருந்தது. யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிக்கவே இல்லை. நாற்றம் வந்தால் சாப்பிட வருகிறவர்கள் போய்விடுவார்கள் என்ற பயம் மட்டும் நாளுக்கு நாள் வளர்ந்தது.

கடைக்காரர்கள் கூட்டத்தில் நீ படம் வரைந்து கொண்டுவந்து விளக்கினாய். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். வேண்டாம் என்று மட்டும் சொல்லியிருக்கலாம். "ஊரார் அழுக்கத் துவைக்கிறவளுக்கு நாத்தம் தெரியாது. எங்கிட்ட சாப்பிட வர்றவங்களுக்குத் தெரியும்" என்றேன். யாரோ சிரித்தார்கள். நீ காகிதத்தை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு, கூட்டம் முடியும்வரை உட்கார்ந்திருந்தாய். எழுந்து போயிருந்தாலாவது உன் பின்னால் ஓடிவர எனக்குத் தோன்றியிருக்குமோ என்னவோ.

பிறகு உன் கூரையில் சோலாரும் உள்ளே ஒரு பேட்டரியும் வந்தன. வெந்நீருக்கு மட்டும் பழையபடி கேஸ் தோங்குகள் உருளை உருளையாக இறங்கிக்கொண்டிருந்தன. மூன்று மணிக்கு நீ வருவது நின்றுபோயிற்று. தானாக வருவாய் என்று இருந்தேன். ரசம் மிஞ்சிக்கொண்டுதான் இருந்தது.

மறுவருஷ டிசம்பர் வெள்ளத்தில் தண்ணீர் கடைப்படி வரை ஏறியது. வட்டாரம் முழுக்க மின்சாரம் இல்லை. என் வீட்டுப் பக்கம் பாதை மூடிவிட்டதால் இரண்டு நாள் என்னால் கடைக்கு வர முடியவில்லை. பின்கொட்டகை ஃப்ரீசர்களில் ஒரு கல்யாண விருந்துக்கான ஆட்டிறைச்சியும் கோழியும் இருந்தன. எல்லாம் அழுகியிருக்கும், கல்யாண வீட்டுக்கு என்ன பதில் சொல்வது என்று அழுதுகொண்டேதான் மூன்றாம் நாள் வந்தேன். ஃப்ரீசர்கள் ஓடிக்கொண்டிருந்தன. அவற்றிலிருந்து ஒரு நீளமான ஒயர் சுவரேறி உன் கடைக்குள் போயிருந்தது.

உன் பின்கதவு திறந்திருந்தது. நீ உள்ளிருந்து என்னைப் பார்த்தாய். நான் தலையை மட்டும் அசைத்தேன். நீயும் அசைத்தாய். பொங்கலுக்குப் பலகாரத்தோடு போய் உட்கார்ந்து பேசிவிடலாம் என்று நினைத்துக்கொண்டேன். பொங்கலுக்கு வந்த ஆர்டர்களில் அது தள்ளிப்போயிற்று.

மாசியில் உனக்கு டெங்கு என்றார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் பார்க்கலாம் என்று இருந்தேன். ஐந்தாம் நாள் உன்னைப் பெட்டியில்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள்.

அன்று உன்னிடம் வேலை பார்த்த சாந்தி என் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். "வெள்ளத்தப்போ அக்கா எங்க மெஷின் ஒண்ணையும் ஓட விடல. இருந்த கரண்ட்டு உங்க ஃப்ரீசருக்கே சரியா இருந்துச்சு. பிரிக்ஃபீல்ட்ஸ் ஹோட்டல் துணியெல்லாம் ஈரத்துலயே கெட்டுப்போச்சு. அவங்க வேற டோபி பாத்துக்கிட்டாங்க."

இது தெரியாமல்தான் நான் அன்று தலையசைத்துவிட்டுப் போனேன்.

காரியம் முடிந்ததும், தொட்டிக்கு இடம் தருகிறேன் என்று, உன் கடையை எடுத்து நடத்தும் உன் மகளிடம் நானே போய்ச் சொன்னேன். இப்போது மூன்று சாப்பாட்டுக் கடைகளின் மிச்சம் அதில் விழுகிறது. வெயிலில் மெஷின்கள் ஓடுகின்றன. கேஸில் தண்ணீர் காய்கிறது. அடைமழை வாரங்களில் வெளி மின்சாரமும் கொஞ்சம் வாங்கத்தான் வேண்டியிருக்கிறது. நான் பயந்த நாற்றம் மட்டும் வரவே இல்லை. சோறு கொட்டும் குழாயின் மூடியைத் திறக்கும்போது இட்லி மாவு பொங்கிய வாடை, அவ்வளவுதான்.

போன மாதம் நகராண்மைக் கழகத்திலிருந்து பார்க்க வந்தார்கள். ஓர் இளம் அதிகாரி என்னைத் தொட்டியருகே நிறுத்திப் படம் எடுத்தாள். "உங்க ஐடியா ரொம்ப நல்லாருக்கு லா, ஆன்டி" என்றாள். நான் சிரித்துக்கொண்டு நின்றேன். என்னுடையது இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. அவர்கள் கார் ஏறிப் போன பிறகுதான் உடம்பு கூசியது.

அன்று சாயங்காலமே உன் மகளிடம் போனேன். படம் எடுத்ததையும், கூட்டத்தில் உன்னைப் பேசியதையும் சொன்னேன்.

"தெரியும் ஆன்டி. அம்மா சொல்லல. அங்க இருந்தவங்க சொன்னாங்க. நான்கூட அம்மாகிட்டச் சண்டை போட்டேன், ஏன் திருப்பிக் கேக்காம வந்தீங்கன்னு."

"அம்மா என்ன சொன்னா?"

"அவ பயந்துட்டா, பாவம், வருவா விடுன்னாங்க."

அதிகாரிக்கு மறுநாளே போன் செய்து உன் பெயரைச் சொல்லி எழுதச் சொன்னேன். எழுதுகிறேன் என்றாள். அதில் எனக்கு ஆறுதல் இல்லை. நீ கோபமாக இருப்பாய் என்று எண்ணித்தான் இரண்டு வருஷம் உன் கடை வாசலை மிதிக்காமல் இருந்தேன். நீயோ நான் வருவேன் என்று இருந்திருக்கிறாய். என் பின்கதவிலிருந்து உன் பின்கதவுக்கு இருபது அடிகூட இல்லை.