மஞ்சள் சட்டைக்காரி

மச்சாள்,

போன கிழமை மகள் தன் டெப்லெட்டைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். “அம்மா, நீங்கள் அந்த நாளையில பாத்த இங்கிலீஷ் சலூன்காரன்ர நாடகம் இருக்கெல்லே, அதுக்கு முன்கதை எடுத்திருக்கிறாங்கள். அவன் இளந்தாரியா இருந்த காலமாம்” என்றாள். திரையில் தலை நிறைய முடியோடு ஒரு பொடியன் கத்தரிக்கோலும் கையுமாக நின்றான். நம்முடைய மொட்டையன்! எனக்குச் சிரிப்பு வரவில்லை. உங்கள் முகம்தான் வந்தது.

துறைமுகத்தடி ஒழுங்கையில் அப்போது டீவி இருந்தது என் அண்ணையும் நீங்களும் குடியிருந்த வீட்டில் மட்டும்தான். கரண்ட் இல்லாத காலம். மூதூருக்கு ஓடுகிற லோஞ்சுப் படகில் வேலை செய்த சம்சுதீன் நானா, டீவி ஓட்ட ஞாயிறு பின்னேரம் படகின் பற்றறியைத் தோளில் வைத்துக் கொண்டுவருவார். பிறகு ஒழுங்கையே வந்து பாயில் குந்தும். ஒரு சிடுமூஞ்சி மொட்டைச் சலூன்காரன், அவனிடம் வாங்கிக்கட்டுகிற வாடிக்கைக்காரர், அவ்வளவுதான் நாடகம். நீங்கள் டீவிக்குப் பக்கத்தில் இருந்து, அவர்கள் பேசப் பேசத் தமிழில் சொல்லுவீர்கள். உங்கள் அப்பா டொக்யார்டில் வெள்ளைக்காரருக்குச் சமைத்தவர் என்பதால் உங்களுக்கு இங்கிலீஷ் தண்ணீர்பட்ட பாடு என்று எல்லாரும் நம்பினார்கள். கறுப்பு வெள்ளைப் படத்துக்கு நீங்கள் நிறம்கூடச் சொன்னீர்கள்.

“உவனுக்கு முந்தித் தோள்மட்டும் மயிர். மஞ்சள் சட்டை போட்ட ஒரு பெட்டை உவனை விட்டிட்டுக் கப்பலேறினவள். அந்தக் கவலையிலதான் மயிரெல்லாம் கொட்டுண்டது” என்பீர்கள்.

“திரும்பி வருவாளோ பிள்ளை?” என்று நானா கேட்பார்.

“கடிதம் வரும், பொறுங்கோ நானா.”

பாருங்கள் மச்சாள், இந்த வெள்ளைக்காரர் இப்போதுதான் எடுத்த முன்கதையை நீங்கள் அன்றைக்கே பாயில் இருந்தபடி எடுத்துவிட்டீர்கள்.

நான் கொழும்பில் பயிற்சி முடித்து லீவில் வந்திருந்தேன். இங்கிலீஷ் டீச்சராகப் போகிறவள். என்னிடம் ஒருவரும் ஒரு சொல் கேட்கவில்லை. ஐந்தாம் வகுப்போடு நின்ற உங்கள் வாயையே எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பொறாமை. அதற்கு வேறு பெயர் வைக்க முடியாது.

அன்றைக்கு மொட்டையன் ஒரு கடதாசித் துண்டை எடுத்து உரக்க வாசித்தான். “வந்திட்டுது! பெட்டையின்ர கடிதம்! அடுத்த கப்பலில வாறாளாம்!” என்றீர்கள். பெண்கள் கைதட்டினார்கள். நானா சால்வையால் கண்ணைத் துடைத்தார்.

“அது லோண்டரித் துண்டு, மச்சாள்” என்றேன். “கோட்டுத் தோய்க்கக் குடுத்தது. பெட்டையும் இல்லை, கப்பலும் இல்லை. இவ்வளவு நாளும் நீங்கள் சொன்னது ஒண்டும் அதில இல்லை.”

முதலில் யாரோ ஒருவர் சிரித்தார், பிறகு எல்லாரும். மொட்டையனை விட்டுவிட்டு உங்களைப் பார்த்துச் சிரித்தார்கள். நீங்களும் கொஞ்சம் சிரித்தீர்கள். “ஓம், நீர் படிச்சனீர்தானே” என்று எழும்பிக் குசினிக்குள் போய் எல்லாருக்கும் தேத்தண்ணி போட்டீர்கள். முதல் கோப்பையை எனக்குத்தான் தந்தீர்கள். நானும் வாங்கிக் குடித்தேன், வெட்கங்கெட்டவள்!

அடுத்த ஞாயிறு நீங்கள் குசினியை விட்டு வரவில்லை. “தங்கச்சி சரியாச் சொல்லுவா” என்று குரல் மட்டும் வந்தது. நான் ஒரு சொல் பிசகாமல் சரியாகத்தான் சொன்னேன். ஒரு குஞ்சுகூடச் சிரிக்கவில்லை. மூன்றாம் ஞாயிறு, பற்றறி லோஞ்சுக்குத் தேவையாம் என்று நானா ஆள்விட்டுச் சொன்னார்.

அதற்குப் பிறகு நீங்கள் கதை சொல்லி நான் கேட்டதேயில்லை. கலியாண வீட்டில்கூட, நான் வந்து பக்கத்தில் இருந்தால் பேச்சைச் சுருக்கிக்கொள்வீர்கள். மன்னிப்புக் கேட்க எத்தனை வருடம் கிடந்தது! கடைசியாக ஆஸ்பத்திரிக் கட்டிலடியில்தான் வாயெடுத்தேன்.

“மச்சாள், அந்த மொட்டையன்ர நாடகம்…”

“அது பழங்கதை. உந்தத் தண்ணியை எடுத்துத் தாரும்” என்றீர்கள்.

தப்பினேன் பிழைத்தேன் என்று தண்ணீரை ஊற்றித் தந்தேன். அன்றைக்குப் பேசியதைவிட, இப்படித் தப்பினதுதான் எனக்கு இப்போது அதிகமாய்க் கூசுகிறது.

முன்கதை ஆறு பாகமும் பார்த்து முடித்தேன். நீங்கள் போனபிறகு அண்ணை எங்களோடு பாலையூற்றில்தான் இருக்கிறார். கண் நன்றாக மங்கிவிட்டது. பக்கத்துக் கதிரையில் இருந்து சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். மொட்டையனுக்கு ஒரு தகப்பன், ஒரு சண்டை, கடைசியில் ஒரு சலூன். எல்லா வசனமும் எனக்கு விளங்குகிறது. ஆனால் நான் காத்திருந்தது மஞ்சள் சட்டைக்காரிக்கு. கதவு திறக்கும்போதெல்லாம் அவள்தானோ என்று பார்த்தேன். கடைசிவரை அவள் வரவில்லை, மச்சாள்.

முடிவில் பெயர்கள் ஓடும்போது அண்ணை கேட்டார்: “மொட்டையன்ர பெட்டை வந்தவளோ?”

“ஓம் அண்ணை. கப்பலில வந்து இறங்கினவள்.”

“என்ன சட்டை?”

“மஞ்சள்.”

அண்ணை தலையாட்டிச் சிரித்தார். “பாத்தியே, உன்ர மச்சாள் அப்பவே சொன்னவள். நீதான் இல்லையெண்டு நிண்டனீ.”

“ஓம் அண்ணை. அவ சொன்னதுதான் சரி.”

இந்த ஒரு வசனத்தை அந்த ஞாயிற்றுக்கிழமை, பாயில் இருந்த அத்தனை பேரும் கேட்க, உங்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும். இப்போது அண்ணைக்கு மட்டும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.