ஆயிரத்தில் இரண்டு

அன்புள்ள குட்டிம்மாவுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே எல்லாரும் சுகம் என்று எழுத ஆரம்பித்து அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன்.

அம்மாவுக்கு வாரம் மூன்று டயாலிசிஸ் வழக்கம்போல நடக்கிறது, ஆனால் இரண்டு மாதமாக ஹீமோகுளோபின் இறங்கிக்கொண்டே போகிறது. ரத்தம் ஊறுவதற்குப் போடும் ஊசியை இரண்டு மடங்காக்கியும் ஏறவில்லை. குளியலறையிலிருந்து கட்டிலுக்கு வருவதற்குள் இரண்டு இடத்தில் சுவரைப் பிடித்து நிற்கிறாள். இரும்புச்சத்து குறையவில்லை, ரத்தப்போக்கும் இல்லை. கடைசியில் டாக்டர், உடம்பு புதுச் சிவப்பணு உண்டாக்குகிறதா என்று பார்க்கச் சொன்னார். அது நான் முப்பத்திரண்டு வருஷம் பார்த்த வேலை. சாயம் கலந்து கண்ணாடித் துண்டில் தேய்த்தால், புதிதாகப் பிறந்த அணுக்களில் மட்டும் நீல இழை தெரியும். நல்ல உடம்பில் ஆயிரம் அணுவுக்குக் குறைந்தது பத்து இருக்கும், இந்த ஊசிக்கு இன்னும் கூடவே இருக்க வேண்டும். ஆய்வக மெஷின் இரண்டு என்றது. எனக்கு மனசு ஆறவில்லை. ஆய்வகத்துக்குப் போய், இப்போது பொறுப்பில் இருக்கும் அம்மாளிடம் நானே ஒரு தடவை எண்ணிக்கொள்கிறேன் என்று கேட்டேன், எழுந்து நாற்காலியைக் கொடுத்தார். ஊரார் ரத்தத்தையெல்லாம் எண்ணியவன், அன்று மைக்ராஸ்கோப்பின் திருகைத் திருப்ப முடியாமல் திணறினேன். மூன்று முறை எண்ணினேன். சாயத் துகளைக்கூட ஒன்று என்று சேர்க்கப் பார்த்தேன். அந்த அம்மாள் மெதுவாக, "அது கறை சார்" என்றார். எனக்குத் தெரியாதா என்ன.

வீட்டுக்கு வந்ததும் எத்தனை என்று அம்மா கேட்டாள், பன்னிரண்டு என்றேன். மறுநாள் கையில் குழாய் மாட்டும்போது, "பன்னெண்டுன்னா நேத்து ராத்திரி சாப்பிட்டிருப்பீங்களே" என்றாள். நர்ஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இரண்டு என்று சொல்லிவிட்டேன். அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். நாலு மணி நேரம் மெஷின் ஓடியது. இனி எலும்பு மஜ்ஜையை எடுத்துப் பார்க்க வேண்டுமாம், அதுவரை ரத்தம் ஏற்றுவதுதான் வழி. ஏற்றினால் பத்து நாள் முகம் தெளிகிறது, பிறகு பழையபடி. ஏற்ற ஏற்ற மாற்றுச் சிறுநீரகம் பொருந்துவதும் கடினமாகிவிடும் என்கிறார்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் அடைத்த கதவாக இருக்கிறது குட்டிம்மா.

பிரசவத்தில் உனக்கும் ரத்தம் குறைவு என்றார்கள், மாத்திரையை நிறுத்தாதே. காலையில் வெறும் வயிற்றோடு வேலைக்கு ஓடாதே.

லீவு போட்டு அலைய வேண்டாம், வர வேண்டாம் என்று எழுதச் சொல்லி அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். அவள் கண்ணெதிரிலேயே அந்த வரியை எழுதினேன். இப்போது சாய்ந்தபடியே அயர்ந்துவிட்டாள். அது அவள் சொன்னது. நான் சொல்கிறேன், உடனே வா. கிளம்பும் தேதியை எனக்கு மட்டும் சொல்.

நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் இருக்க வேண்டும்.

உன் அப்பா