கட்டைவிரலில் மை

என் செல்ல மகனுக்கு,

எழுத்து கோணலாகத்தான் இருக்கும், பொறுமையாகப் படி.

பக்கவாதம் வந்த பிறகு பால்பாயிண்ட் பேனாவை அழுத்த என் விரலில் தெம்பில்லை. தெருமுனைக் கடைக்காரர் மலிவாக ஒரு மைப்பேனா கொடுத்தார். "அழுத்தவே வேணாம்மா, சும்மா தொட்டா போதும், தானா ஓடும்" என்றார். ஓடுகிறது. நேற்று முழுக்கப் பழைய செய்தித்தாள் ஓரங்களில் என் பெயரையே எழுதித் தள்ளினேன். அவ்வளவு சுகம்.

என் வீட்டை வாங்க வந்தவரிடம், "அம்மாவுக்குக் கை வராது, கைநாட்டு வாங்கிக்கலாம்" என்றாயாமே. கை வந்துவிட்டதப்பா. நன்றாகவே கையெழுத்துப் போடுவேன், விற்க மட்டும் போடமாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அந்த விற்பனைப் பத்திரத்தை உன் வீட்டிலேயே வைத்துவிட்டு வெறுங்கையோடு வா. சாப்பிட்டுவிட்டுப் போகலாம்.

பேனா கொஞ்சம் கசிகிறது, கட்டைவிரல் முழுக்க மை. அதைப் பார்த்து ஆசைப்படாதே.

இப்படிக்கு,
தன் கையால் எழுதிய அம்மா