தட்டு கொண்டுவந்த மாமன்

தம்பி,

அன்று பூவரச மரத்தடியில் இருந்தவர்களை இன்றும் வரிசையாகச் சொல்வேன். நம்மைப் பெற்ற ஆத்தா. என் வீட்டுக்காரர். மாமியார் காத்தாயி. சித்தப்பா மகன் செல்லையா. காது குத்த வந்த கணபதி ஆசாரி. என் இடுப்பில் பிள்ளை. எல்லோருக்கும் பிறகு, கீரமங்கலத்திலிருந்து சைக்கிளில் வந்து இறங்கிய நீ.

இன்று பக்கத்து வீட்டில் காதுகுத்து. சந்தனம் கரைத்த வாசனை சுவர் தாண்டி வந்ததும், பெட்டியைத் திறந்து உன் வேட்டியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

அப்போது நயா பைசா வந்த புதிது. அதற்குச் சில வருடம் முன்புதான் உனக்கு மாப்பிள்ளை பார்த்தார்கள். பாக்கு மாற்றி நிச்சயம் செய்த வாரமே குலசாமி கோயிலுக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டு வந்தாய். ஏதோ வேண்டுதல் என்று ஊர் நினைத்தது. நீயோ முடி வளர வளர வெட்டினாய். ஆத்தா விளக்குமாற்றால் அடித்தாள். ஒரு நாள், செத்துப்போன அய்யாவின் வேட்டியைக் கட்டிக்கொண்டு என்னிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போனாய்.

"பொம்பளையா இருந்து சாகிறதுக்கு, ஆம்பளையா இருந்து பொழச்சுக்கிறேன்க்கா."

கீரமங்கலத்து சைக்கிள் கடையில் உன்னை எல்லோரும் அண்ணே என்றார்கள். எனக்குப் பிள்ளை பிறந்ததும் உனக்கு ஆள் விட்டேன். மாமன் மடியில்தான் காது குத்துவேன், நீ வந்தாக வேண்டும் என்று.

வந்தாய். கிராப்புத் தலை, வெளுத்த வேட்டி, கையில் தாம்பாளம். அதில் தேங்காய், வெற்றிலை, பிள்ளைக்குச் சட்டை, சிவப்புக்கல் கடுக்கன். ஆனால் மாமன் உட்காரும் மணையில் செல்லையா ஏற்கெனவே தலையில் உருமா கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"வேட்டி கட்டிட்டா மாமனாயிருமா? அப்ப நான் சேலை கட்டுனா சின்னாத்தாவா?" என்றான். என் வீட்டுக்காரர் ஆசாரியின் ஊசியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

நான் ஆத்தாவைப் பார்த்தேன். அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொன்னாள், உன் முகத்துக்கு நேரே.

"நான் பெத்தது ரெண்டும் பொட்டப்புள்ளதான். எனக்கு ஏது மகன்?"

தாம்பாளத்தில் தேங்காய் உருண்டது. நீ சைக்கிள் பக்கம் திரும்பினாய். இப்போது போனால் இனி எந்தக் காலத்திலும் இந்தப் பக்கம் வரமாட்டாய் என்று எனக்குத் தெரியும். பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"என் தம்பி உக்காரலைன்னா காதுகுத்து இல்ல. ஊசிய எடுத்து வைங்க ஆசாரி."

பிறகு வாயைத் திறந்தது என் மாமியார். என்னிடம் ஒரு நாளும் நல்ல வார்த்தை பேசாதவள்.

"சீர்த்தட்டு எவன் கொண்டாந்தான்? ஏப்பா செல்லையா, நீ என்ன கொண்டாந்த?"

கிடாக்கறிக்கு வந்தவன் கையை விரித்தான்.

"வெறுங்கையோட வந்தவன் மாமனா? எந்திரி. தட்டு கொண்டாந்தவன் உக்காரட்டும். புள்ள வெயில்ல வாடுது."

அவள் கண் கடுக்கன் மேல். இருக்கட்டும். அந்த வார்த்தைக்காக, அவள் எனக்குச் செய்ததில் பாதியை மறந்தேன். பாதியைத்தான்.

நீ உட்கார்ந்தாய். ஊசி ஏறியதும் பிள்ளை வீறிட்டு உன் மடியை நனைத்துவிட்டான். நீ சிரித்தாய். கூடப் பிறந்து வளர்ந்தவள் நான், அந்தச் சிரிப்பை அதற்கு முன் பார்த்ததே இல்லை.

"வேட்டி போனாப் போகுதுக்கா. மாமனாயிட்டேன்ல."

அந்த வேட்டிதான் இது. துவைத்தும் சந்தனக் கறை போகவில்லை. பிறகு நீ சொந்தக் கடை வைத்தாய், நிமிர்ந்து நடந்தாய். என் பிள்ளை மாமா மாமா என்று உன் பின்னாலேயே சுற்றினான். போன ஆவணியில் உனக்குக் கொள்ளி வைத்ததும் அவன்தான்.

செல்லையா பின்னாளில் உன் கடையில்தான் பஞ்சர் ஒட்டினான். அவனை விட்டுவிட்டேன். ஆத்தா அன்று சாப்பிடாமல் எழுந்து போனவள், சாகும்வரை உன் வாசலை மிதிக்கவில்லை. "பெத்தவதானே, விடுக்கா" என்பாய். நீ விட்டாய். என்னால் முடியவில்லை. பெற்றவளைப் பெயர் சொல்லக் கூடாது என்பார்கள். நான் அவள் பெயரைச் சொல்வேன்.

வீராயி.