மாமாவின் வயிறும் ஜூலை பதினாலும்

அன்புள்ள மாமா,

இன்று காலை சோற்றுப் பானையைத் திறந்ததும் நீராகாரத்தின் புளிப்பு வாசனை வந்தது. உடனே உங்கள் ஞாபகம். இறந்தவர்களை மல்லிகை வாசனையில் நினைப்பவர்கள் இருப்பார்கள். நான் உங்களைப் பழைய சோற்றில் நினைக்கிறேன். நீங்கள் இருந்தால் தொடையில் தட்டிச் சிரித்திருப்பீர்கள் என்பதால் தைரியமாக எழுதுகிறேன். நீங்கள் போய் ஏழு மாதம் ஆகிவிட்டது.

நான் எட்டாம் வகுப்பு படித்த வருடம். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சைகோன் வரை போய்வந்த நீங்கள், உங்கள் தங்கை வீடான எங்கள் வீட்டு மாடியறையில் இருந்தீர்கள். காலையில் ரொட்டி, வெண்ணெய், கடுங்காப்பி. மதியம் கறியோ மீனோ. அம்மா கீரை வைத்தால், "நான் என்ன ஆடா தங்கச்சி?" என்று கிண்ணத்தைத் தள்ளி வைப்பீர்கள். தூங்கப் போகுமுன் ஒரு பேதி மாத்திரை, பதினைந்து வருடமாக. அப்படியும் காலையில் செய்தித்தாளோடு கொல்லைக் கக்கூசுக்குள் போனால் முக்கால் மணி நேரம் வெளியே வரமாட்டீர்கள். வீட்டுக்கு இருந்ததோ அந்த ஒரே கக்கூஸ்.

"மாமா, பள்ளிக்கூடத்துல மணி அடிச்சிடுவாங்க!"

"பொறு பாப்பா. உள்ள இன்னும் சண்ட முடியல."

ஒருநாள் நீங்கள் சிரிக்காமல் வெளியே வந்தீர்கள். நான் காரணம் கேட்டேன். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுச் சொன்னீர்கள்: "போன வருசம் பதினாலாந்தேதி நிக்கவே முடியல. வயிறு கல்லு மாதிரி. இந்த வருசமும் அப்படின்னா என்னைய நாற்காலியில ஒக்கார வச்சிடுவானுவ."

பிரெஞ்சு தேசிய நாளான ஜூலை பதினாலாம் தேதி, போர் நினைவுத்தூணுக்கு முன்னால் உங்களைப் போலப் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த பழைய சொல்தாக்கள் எல்லாரும் பதக்கம் குத்திக்கொண்டு வரிசையில் நிற்பார்கள். நிற்க முடியாதவர்களுக்கு ஓரமாக நாற்காலி. அந்த நாற்காலிக்கு நீங்கள் சைகோன் குண்டுக்குக்கூடப் பயப்படாத அளவுக்குப் பயந்தீர்கள்.

நான் நூலகத்தில் உடல்நலப் புத்தகம் ஒன்றை எடுத்துவந்து இரண்டு நாளில் படித்து முடித்தேன். பெருங்குடல், நார்ச்சத்து, குடலில் வாழும் நல்ல கிருமிகள். நோட்டில் கட்டம் போட்டு, ஒரு வாரத்துக்கான பட்டியலை உங்களிடம் நீட்டினேன். கேழ்வரகு அடை, கொத்தவரங்காய், மொச்சை, முள்ளங்கி, வாழைத்தண்டு, முருங்கைக்கீரை. மாத்திரை அன்றோடு நிறுத்தம். பதினாலாம் தேதிக்கு ஆறு நாள்தான் இருந்தது.

அம்மா படித்துவிட்டு, "ஏண்டி, மனுசனுக்கா இது? மாட்டுக்கா?" என்றாள்.

நீங்களோ பட்டாளத்து அட்டென்ஷனில் விறைப்பாக நின்று, "கார்தவூ! ஆர்டர்னா ஆர்டர்" என்று சல்யூட் அடித்தீர்கள். ஆறு நாளும் ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை. நான்தான் ஒன்றை மறந்துவிட்டேன். பட்டியலில் தண்ணீரே இல்லை. நீங்களோ நாள் முழுக்க இரண்டு டம்ளர் குடிக்கும் ஆள்.

பதினாலாம் தேதி பெல்ட்டைக் கடைசி ஓட்டையில்தான் மாட்ட முடிந்தது. தூணருகே பியூகிள் ஊதி முடிந்து எல்லாரும் மௌனமாக நின்றபோது, உங்கள் பக்கத்திலிருந்து ஒரு சத்தம் எழுந்தது. சின்னச் சத்தம் இல்லை மாமா. பின்வரிசையில் யாரோ, "யாருடா அது, இன்னொரு பியூகிள்?" என்றார். எல்லாருடைய தோளும் குலுங்கியது. நீங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வரிசையை விட்டு விலகி, நாற்காலியில்கூட உட்காராமல் விறுவிறுவென்று வீட்டைப் பார்த்து நடந்தீர்கள்.

நான் மாடிப்படியில் உட்கார்ந்து அழுதேன். சாயங்காலம் நீங்கள் இறங்கிவந்து என் பக்கத்தில் உட்கார்ந்தீர்கள்.

"அழுவாத. புதுசா பட்டாளத்துல சேந்தவன மொத நாளே முப்பது கிலோமீட்டரா நடக்க விடுவான்? விட்டா காலு போயிடும். என் வயிறு புது ஆளு. அத நீ நேரா சண்டைக்கே அனுப்பிட்ட."

"இனிமே எதுவும் சொல்லமாட்டேன் மாமா."

"சொல்லணும். ஆனா ஒண்ணொண்ணா சொல்லணும், டாக்டரம்மா."

மறுநாள் உங்களோடு டிஸ்பென்சரிக்கு வந்தேன். எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றினால் குடல் தாங்காது என்றும், மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கலாம் என்றும் டாக்டர் சொன்னார். அதன்பிறகு புதிய பழக்கம் ஒவ்வொன்றாகத்தான் வந்தது. முதலில் தண்ணீர் மட்டும். எழுந்தவுடன் ஒரு சொம்பு. அப்புறம் ஒவ்வொரு வேளைக்கும் நடுவே. அடுத்து ஒரு கைப்பிடி கீரை. காலை ரொட்டிக்குப் பதிலாக மோர் விட்ட பழைய சோறு வந்தபோது நீங்கள் முகத்தைச் சுளித்ததையும், ஒரு மாதத்தில் இரண்டாம் கிண்ணம் கேட்டதையும் நோட்டில் எழுதியிருக்கிறேன். பிறகு அரசலாற்றங்கரையோடு கடற்கரை வரை நடை. கஷ்டமானது செய்தித்தாள்தான். தினமும் ஒரே நேரத்துக்குப் போக வேண்டும், வரவில்லை என்றால் முக்காமல் எழுந்துவிட வேண்டும், பேப்பர் கூடாது என்றேன். "பேப்பர் இல்லாம நான் உள்ள யாரோட பேசுறது?" என்று இரண்டு நாள் சண்டை போட்டீர்கள்.

மாத்திரை முழுதாக நிற்கப் பொங்கலாகிவிட்டது. நான் முதல் மணிக்கு முன்பே பள்ளியில் இருந்தேன்.

அடுத்த ஜூலை பதினாலில் நீங்கள் முன்வரிசையில் நின்றீர்கள். மௌனம், மாலை வைப்பு, பேச்சு, அதற்குப் பிறகும் ஒரு பேச்சு. கடைசிவரை அசையவில்லை. கலையச் சொன்னதும் நேராக என்னிடம் வந்து, எல்லார் முன்னாலும் சத்தமாகப் பிரெஞ்சில் நன்றி சொன்னீர்கள்: "மெர்சி, டாக்டரம்மா!" பின்வரிசைக்காரர் என்ன வைத்தியம் என்று கேட்டார். கொஞ்சமும் வெட்கமில்லாமல் நடுத்தெருவில் கக்கூஸ் வரைக்கும் விளக்கினீர்கள். நான்தான் தாவணியால் முகத்தை மூடிக்கொண்டேன்.

இப்போது நான் பத்தாம் வகுப்பு. போன வாரம், நீங்கள் அந்தப் பின்வரிசைக்காரருக்கு விளக்கியதைப் போலவே வெட்கத்தை விட்டு, அம்மாவிடம் கேட்டேன்: "ஒனக்கு வயிறெல்லாம் ஒழுங்கா இருக்காம்மா?"

அம்மா கை அலம்புவதை நிறுத்திவிட்டாள். "எனக்கு எப்பவும் கஷ்டந்தான். எல்லாரும் போய் முடிச்சு, வேலையும் முடிச்சு நான் போறதுக்குள்ள அது அடங்கிடும். அப்புறம் எங்க வரும்?"

எவ்வளவு நாளாக என்று கேட்டேன். கல்யாணம் ஆனதிலிருந்து என்றாள். அந்த முக்கால் மணி நேரமெல்லாம் அம்மாவும்தான் வெளியே காத்திருந்திருக்கிறாள், மாமா. நாம் இரண்டு பேரும் ஒரு வருடம் முழுக்க வயிற்றைப் பற்றியே பேசினோம். சமைத்துப் போட்டவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

இந்த வாரத்திலிருந்து காலையில் அம்மாதான் முதலில் போகிறாள். அப்பாவும் நானும் வெளியே காத்திருக்கிறோம். அவளுக்கு இந்த வாரம் அது மட்டும்தான். அடுத்தது என்ன என்று நேற்றே கேட்டுவிட்டாள். ஒண்ணொண்ணாத்தான் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.