மழை விழுந்த உப்புப் பாத்தி

எண்ணூர்,
1927 மே 24.

என் பிரியமான மகள் தேவகிருபைக்கு அம்மா அன்போடும் ஜெபத்தோடும் எழுதுகிறது. இங்கே நானும் உன் அப்பாவும் உன் தம்பி தேவப்பிரியமும் ஆண்டவருடைய தயவால் சுகமாயிருக்கிறோம். நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டு நேரத்துக்குத் தூங்கிச் சுகமாயிருக்கிறாய் என்று ஒரு வரி எழுதினால் இந்த வீட்டில் மூன்று பேருக்கும் சோறு தொண்டையில் இறங்கும். உன் கடிதம் பத்தாம் தேதியே வந்துவிட்டது, பதில் எழுத இரண்டு வாரம் ஆயிற்றே என்று கோபித்துக்கொள்ளாதே, இடையில் ஒரு கார்டு போட்டிருந்தேன், கிடைத்திருக்கும். சொல்ல வேண்டியது கார்டில் அடங்காது என்பதால் இன்று அழுக்குத் துணியை எல்லாம் மூலையில் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். தம்பி பெரம்பூர் ரயில் பட்டறையில் வேலை பழகுகிறான், சனிக்கிழமை வீட்டுக்கு வரும்போது கழுத்து வரைக்கும் கரி, ஞாயிறு தவறாமல் கோயிலுக்கு வருகிறான், பிரசங்கம் தொடங்கினதும் தவறாமல் தூங்குகிறான். அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, ஆனால் தைலம் தேய்த்துவிட ஆள் இருக்கும்போது மட்டும் கொஞ்சம் கூடுகிறது.

மகளே, நீ எழுதியதை நாலு தடவை படித்தேன். உன் ஆஸ்பத்திரி வார்டில் காய்ச்சலோடு கிடந்த அந்த ஐந்து வயதுப் பெண்பிள்ளை உன் கையைப் பிடித்தபடியே போய்விட்டாள், அவளைப் பெற்றவள் உன் முந்தானையைப் பிடித்துக்கொண்டு அலறினாள், அன்றிலிருந்து வார்டு வாசலை மிதித்தாலே அந்தச் சத்தம் கேட்கிறது, மருந்து ஊற்றக் கை நடுங்குகிறது, முழங்கால் போட்டால் ஜெபம் வரவில்லை, ஆண்டவர் என்னைத் தள்ளிவிட்டார் அம்மா என்று எழுதியிருந்தாய். உன்மேல் பிழை ஒன்றும் இல்லை என்று டாக்டரம்மாளே சொல்லியும் உன் மனம் ஆறவில்லை. பெற்றோர் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டு, பாதிரியார் சாட்சி வைத்த காகிதம் ஒன்று வந்தால் படிப்பை நிறுத்தி அனுப்பிவிடுவார்கள், உடனே அனுப்பு என்று கேட்டிருந்தாய். அதைப் படித்து நான் அழுதேன். அழுதது மட்டும்தான் என்று சொன்னால் பொய். அழுதுகொண்டிருக்கும்போதே உள்ளுக்குள் எனக்கு ஒரு சந்தோஷம் வந்தது, கிருபை வீட்டுக்கு வரப்போகிறாள் என்று. இரண்டு வருஷமாகச் சுருட்டி வைத்திருந்த உன் பாயை எடுத்து வெயிலில் போட்டேன். உன் அப்பாவிடம் சொன்னதற்கு, நம்ம பிள்ளைதானளா, வாரேன்னா வரட்டும், வீடு இருக்குல்லா என்றார். அடுத்த வியாழக்கிழமையே காகிதத்தில் நாங்கள் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு, பாதிரியார் ஐயாவிடம் சாட்சி வாங்க உன் அப்பா விடியற்காலையில் ராயபுரத்துக்குக் கிளம்பிப் போனார்.

அன்றைக்குத்தான் மழை வந்தது. மே மாதத்தில் மழையை யார் எதிர்பார்த்தார்கள்? உனக்குத் தெரியும், உப்பளத்தில் இது உயிரான மாதம். காயலிலிருந்து இறைத்த தண்ணீரைப் பெரிய பாத்திகளில் தேக்கி, வெயிலில் நாள்கணக்காக முற்றவிட்டு, அது கனத்த உவர்நீர் ஆன பிறகு சின்னப் பாத்திகளுக்கு விட்டு உப்பு எடுக்கிற வேலை. பெரிய பாத்தி ஆறும் முற்றி நின்றன, இன்னும் இரண்டு நாளில் திறந்துவிட வேண்டியது. மத்தியானம் மூன்று மணிக்கு மேற்கே மணலிப் பக்கம் கறுத்தது, நான் வற்றலை அள்ளி உள்ளே வைப்பதற்குள் கொட்டத் தொடங்கிவிட்டது. காற்று இல்லை, நேரே கொட்டுகிற மழை. அரை மணி நேரம் பெய்து விட்டதும் ஓடிப் போய்ப் பார்த்தேன், ஆறு பாத்தியும் கரை தொட்டு நின்றன. எல்லாம் போயிற்று, மழைத்தண்ணீர் விழுந்து உவர்நீர் அத்தனையும் கெட்டது, இந்த மனுஷர் வந்து கேட்டால் என்ன சொல்வேன் என்று வரப்பில் அங்கும் இங்கும் ஓடினேன். விழுந்த தண்ணீரை வெளியேற்றிவிட்டால் போதும் என்று அந்த நேரத்துப் புத்தி சொல்லிற்று. மண்வெட்டியை எடுத்து முதல் பாத்தியின் கரையை அடிவரைக்கும் வெட்டிவிட்டேன். தண்ணீர் குபுகுபு என்று ஓடியது, பார்க்க எனக்கு ஆறுதலாகக்கூட இருந்தது. இரண்டாவது பாத்திக்கு நடந்தேன்.

அப்போதுதான் கத்திவாக்கத்திலிருந்து நம்மிடம் உப்பு வார வரும் கெங்கம்மா, தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு வரப்பு மேல் ஓடி வந்தாள். ஐயே, இன்னாம்மா பண்ணிகினு கீறீங்கோ, மம்புட்டியக் கீய போடுங்கோ என்று கத்தினாள். அவள் என்னிடம் அப்படிக் குரல் உயர்த்தி நான் கேட்டதே இல்லை. மண்வெட்டியைப் பிடுங்கி எறிந்துவிட்டு என் கையைப் பிடித்து இரண்டாவது பாத்தித் தண்ணீருக்குள் விட்டாள். மேலே சில்லென்று மழைத்தண்ணீர். இன்னும் உள்ளே விடும்மா என்றாள், விட்டேன். கிருபை, அடியில் சூடாக இருந்தது. காலையிலிருந்து காய்ந்த வெயிலின் சூடு அப்படியே, கஞ்சிப் பானைக்குள் கையை விட்டது போல. விரலை எடுத்து நக்கிப் பாரு என்றாள், நாக்கு சுட்டது, அத்தனை கரிப்பு. மேல கீறதுதாம்மா மயத்தண்ணி, அடில நம்ம தண்ணி எங்கியும் பூடல, அப்டியே குந்திகினு கீது, நீங்க அடியில வெட்னா நல்லதுதான் மொதல்ல ஓடிப்பூடும், மேல கீறதுதான் உங்குளுக்கு மிஞ்சும், கலக்காம சும்மா வுடுங்கோ, நைனா வந்து பாத்துக்கும் என்றாள். நைனா என்றது உன் அப்பாவை. உப்பளத்து மேஸ்திரிக்கு வாழ்க்கைப்பட்டு இருபத்திரண்டு வருஷம் இந்த வரப்பிலேயே நடந்தவள் நான், தண்ணீருக்குள் கையை விட்டுப் பார்க்கத் தோன்றவில்லை. வெட்கத்தில் அந்த வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

பொழுது சாய உன் அப்பா வந்தார். திட்டுவார் என்று பயந்து, கெங்கம்மாவை வீட்டுக்குப் போகவிடாமல் துணைக்கு வைத்துக்கொண்டேன். அவர் வெட்டின கரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஏளா, எத்தனையை வெட்டினே என்றார். ஒன்றுதான் என்றேன். மத்த அஞ்சும் நிக்குல்லா, அப்போ ஆண்டவருக்குத் தோத்திரம் சொல்லிட்டுக் காப்பியப் போடு என்றார். அந்த மனுஷரோடு நான் போட்ட சண்டை எத்தனையோ, ஆனால் அந்த நிமிஷம் இவரைக் கொடுத்ததற்காக ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் சொன்னேன், அவரிடம் சொல்லிவிடாதே, தலையில் ஏறிவிடும். மறுநாள் காலையில் ஒவ்வொரு பாத்தியாகக் கரையின் மேல்விளிம்பை மண்வெட்டியால் தொடாமல் கையாலேயே ஒரு விரல் கனம் வழித்தார். மேல் தண்ணீர் சத்தமில்லாமல் வழிந்து போயிற்று, ஒரு விரல் வழிந்ததும் இன்னொரு விரல், யாரும் பாத்திக்குள் கால் வைக்கக்கூடாது என்று உத்தரவு. முழுதாக ஒரு நாள் பிடித்தது. காற்று அடித்திருந்தால் எல்லாம் கலந்து போயிருக்கும் என்றார், காற்று அடிக்காததே பெரிய தயவு. அதற்குப் பிறகு வந்த வெயிலில் உவர்நீர் பழையபடி ஏறி, முந்தாநாள் சின்னப் பாத்திகளில் உப்பு பூத்துவிட்டது. உப்பு இலாகா சேவகர் வந்து பார்த்து, மழை இங்கே பெய்யவில்லையா என்று கேட்டார். நான் வெட்டின பாத்தியின் கரையை நானும் கெங்கம்மாவும் அடைத்துக் காலால் மிதித்துக் கெட்டியாக்கித் திரும்பக் காயல் தண்ணீர் விட்டிருக்கிறோம். அதுவும் வீணாகவில்லை, நாள்தான் பிடிக்கும். கரையில் நான் கொத்திப் போட்ட உமரிச் செடிகூட மறுபடி துளிர்த்திருக்கிறது, உப்பு மண்ணில் அதற்கு அப்படி என்ன கிடைக்கிறதோ.

இதை ஏன் இவ்வளவு நீட்டி எழுதுகிறேன் என்று உனக்கு இந்நேரம் தெரிந்திருக்கும், நீ உப்பளத்துப் பிள்ளை. ஜெபம் வரவில்லை என்று எழுதினாய். வராவிட்டால் சும்மா உட்காரு, அவர் சத்தம் கேட்டுத்தான் வருகிறவரா? தான் பெறாத ஒரு குழந்தைக்காக ஒரு மாதம் கழித்தும் அழுகிறவளை ஆண்டவர் தள்ளிவிட்டார் என்று நீ சொன்னால் நான் நம்பமாட்டேன், ஏட்டி, நான் உன்னைப் பெற்றவள், உன் அடியில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். பயத்தில் இருக்கும்போது எதையும் அடியோடு வெட்டிவிடாதே. இதுவரை உன்னிடம் சொல்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். உனக்கு முன்னே பிறந்த அக்கா இரண்டு வயதில் மாந்தம் கண்டு இறந்துபோனாள் என்று உனக்குத் தெரியும். அவள் உயிர் போனது மிஷன் ஆஸ்பத்திரியில். அன்று ராத்திரி முழுக்க அங்கிருந்த நர்ஸ் ஒருத்தி என் பக்கத்தில் உட்கார்ந்து என்னோடு சேர்ந்து அழுதாள். சின்னப் பெண், உன் வயதுதான் இருக்கும். நானும் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு என்னென்னவோ சொல்லி அலறியிருக்கிறேன், என் பிள்ளையைக் கொன்றுவிட்டாய் என்றுகூடச் சொன்னேன். அவள் ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லவில்லை. விடிந்ததும் பிள்ளையைக் குளிப்பாட்டித் தலை வாரித் துணி சுற்றி என் கையில் கொடுத்தாள்.

அடுத்த வருஷம் நீ வயிற்றில் இருந்தாய். வலி கண்டதும் அந்த ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கமாட்டேன் என்று அழுதேன், உன் அப்பா வண்டியில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனார். உள்ளே போனால் அதே பெண் நின்றாள். என்னைப் பார்த்ததும் அவள் கை நடுங்கியதை நான் பார்த்தேன், மகளே. நடுங்கின கையாலேயே என்னைப் பிடித்துப் படுக்க வைத்தாள். விடியும் வரை கூட இருந்தாள். உன்னை இந்த உலகத்தில் முதல் முதலாகத் தொட்டுத் தூக்கினது அந்தக் கைதான். நான் சொன்ன சொல்லுக்கு அவள் வேலையை விட்டுப் போயிருந்தால் யாரும் அவளைக் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். அவள் போகவில்லை. அதனால்தான் உன்னை நர்ஸ் படிப்புக்கு அனுப்பினேன், வேறு காரணம் ஒன்றும் இல்லை.

இந்த உறையில் நீ கேட்ட காகிதம் இருக்கிறது. அப்பா கையெழுத்து, என் கையெழுத்து, பாதிரியார் ஐயா சாட்சி எல்லாம் சரியாக இருக்கிறது. தேதி மட்டும் போடவில்லை, அதை நீ போட்டுக்கொள். நாளைக்கே போட்டாலும் எங்களுக்குச் சம்மதம், எப்போதும் போடாமல் பெட்டியில் வைத்துக்கொண்டாலும் சம்மதம். வந்தால் ஒரு கேள்வி கேட்கமாட்டோம், உன் தம்பியையும் வாய் திறக்கவிடமாட்டேன். முடிவு எடுக்கும் முன்னே அந்தக் குழந்தையைப் பெற்றவளை, ஊர் பக்கத்தில் இருந்தால், ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வா. அவள் என்ன சொன்னாலும் கேட்டுக்கொண்டு உட்காரு, திருப்பிச் சொல்ல ஒன்றும் தேடாதே.

தலைக்கு எண்ணெய் வைக்க மறக்காதே, ராத்திரி வேலை முடிந்து வெறும் வயிற்றோடு படுக்காதே, கருவாடு அனுப்பினால் அங்கே வாசனைக்குச் சண்டை வருமா என்று எழுது. உன் அப்பா உனக்கு ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார். கெங்கம்மா, நம்ம பாப்பாவ நா கேட்டேன்னு எய்துங்கோ என்று இரண்டு தடவை சொல்லிவிட்டுப் போனாள். ஆண்டவர் உன் போக்கையும் வரத்தையும், நடுங்குகிற உன் கைகளையும் காப்பாராக. இத்தனை நாளும் என் மகளை எனக்கு அனுப்பிவிடும் என்றுதான் காலையில் எழுந்ததும் கேட்டுக்கொண்டிருந்தேன். இன்றைக்கு அதைக் கேட்கவில்லை, அது எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று அவருக்குத் தெரியும்.

இப்படிக்கு,
உன்னை ஈன்ற அம்மா,
வேதமுத்தம்மாள்.